பாய் விரிப்பதற்கு முன்

ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை ஜொகூரில் இருக்கிறது. தஞ்சோங் பியாய் என்னும் அந்தச் சதுப்புநில முனையைச் சுற்றாமல் தென்சீனக் கடலிலிருந்து மலாக்கா நீரிணைக்குள் எந்தக் கலமும் நேர்வழியில் போக முடியாது. பெருங்கப்பல்களோடு, பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள சின்னஞ்சிறு பாய்மரப் படகுகளும் இந்த வழியில்தான் வருகின்றன. ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தோனேசியத் தீவுகளைத் தாண்டி ஏறி வருபவை சில. தாய்லாந்திலிருந்து இறங்கி வருபவை சில. புத்திரி ஹார்பர், செனிபோங் கோவ், செபானா கோவ் படகுத்துறைகளில் பல நாட்டுக் கொடிகளோடு இவை கட்டிக் கிடப்பதை ஜொகூர்வாசிகள் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் இரண்டே பேர் ஓட்டும் படகுகள். இவற்றில் பலவற்றுக்கு அடுத்து இந்தியப் பெருங்கடல் காத்திருக்கிறது.

“நடுக்கடலில் புயல் அடித்தால் என்ன செய்வார்கள்?” வேடிக்கை பார்க்கப் போகும் எல்லோர் மனத்திலும் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் வெப்பமண்டலக் கடலில் படகைக் கெடுக்கும் வேலையைப் புயல் தொடங்கிவைப்பதில்லை. வெதுவெதுப்பான நீர், உப்பு, ஈரக்காற்று, வெயில், மின்னல் ஆகிய ஐந்தும் படகு சும்மா கட்டிக் கிடக்கும்போதே தம் வேலையைச் செய்துவருகின்றன. கடலில் பாய்மரம் ஒருநாள் முறிகிறது என்றால், அதைத் தாங்கிய கம்பியில் விரிசல் விழுந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். புயல் செய்வது கடைசித் தள்ளல் மட்டும். நெடும்பயணத்துக்குப் படகைத் தயார்செய்கிறவர்கள் சாமான் வாங்கி அடுக்குவதைவிட இந்த ஐந்தின் தடயங்களைத் தேடுவதிலேயே அதிக நேரத்தைச் செலவிடுவது இதனால்தான்.

அடிப்பாகத்தில் ஒட்டும் உயிர்கள்

முதல் வேலை படகை நீரிலிருந்து தூக்கிக் கரையில் நிறுத்துவது. சில மாதங்கள் கவனிக்காமல் விட்ட படகைத் தூக்கினால் அதன் அடிப்பாகம் வண்ணமே தெரியாமல் கொட்டலசு மூடிக் கிடக்கும். ஜொகூர் நீரிணை இதற்குப் பேர்போன இடம். நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டில் கோடை மாதங்களில் மட்டும் வளரும் உயிர்கள் இங்கே பன்னிரண்டு மாதமும் வளர்கின்றன.

நீரிணையின் அமைப்பும் அவற்றுக்குச் சாதகமானது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தரைப்பாலம் 1923-இல் ரயில்களுக்குத் திறக்கப்பட்டு, 1924-இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கற்கரை நீரிணையைக் குறுக்கே அடைத்துவிட்டது. படகுகள் கடந்துபோக ஜொகூர் பக்கத்தில் ஒரு மதகு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. மேற்கே புத்திரி ஹார்பரில் இருக்கும் படகு கிழக்கே செனிபோங்குக்கு வரவேண்டுமானால் சிங்கப்பூர்த் தீவையே சுற்றி வரவேண்டும். நீரும் அப்படித்தான்: தடையின்றி ஓடிக் கழுவிப்போக வழியில்லை. ஆறுகள் கொண்டுவரும் சத்து தேங்குகிறது, மிதவை உயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்பவை பெருகுகின்றன. மலாய்க்காரர்கள் கூப்பாங் என்று அழைக்கும் பச்சைச் சிப்பியை இங்கே கயிறுகளில் வளர்த்து விற்கிறார்கள் என்றால், அதே சிப்பி படகின் அடியிலும் வளரத்தானே செய்யும்?

கொட்டலசின் குஞ்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கடலில் மிதந்து வரும் அது கடைசிப் பருவத்தில் உண்பதை நிறுத்திவிட்டு, ஒட்டிக்கொள்ள இடம் தேடுவதையே தொழிலாகக் கொள்கிறது. தலையில் உள்ள இரண்டு உணர்கொம்புகளைக் காலாக ஊன்றி, படகின் பரப்பில் நடந்து நடந்து சோதிக்கிறது. பரப்பு மிக வழுக்கலாக இருக்கிறதா, தன் இனத்தார் ஏற்கெனவே குடியேறியிருக்கிறார்களா என்றெல்லாம் பார்க்கிறது. இடம் பிடித்துப்போனால் தலைப்பக்கம் கீழாக இருக்க ஒரு பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் சாகும்வரை நகர்வதில்லை. சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, கால்களை வெளியே நீட்டி நீரை அலசி உணவு பிடிக்கிறது. நீரில் ஊறியபடியே இறுகும் அந்தப் பசை ஓடு உடைந்த பிறகும் அடித்தட்டைப் படகோடு பிடித்து வைத்திருக்கும். சுரண்டியால் தேய்ப்பவர்களுக்கு அதன் வலிமை தெரியும்.

இதனால் பயணத்துக்கு என்ன கெடுதல்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 5 கடல் மைல் போகும் படகு ஒரு நாளில் 120 கடல் மைல் கடக்கும். இந்தியப் பெருங்கடலில் கோக்கோஸ் தீவிலிருந்து மொரிஷியஸ் அருகிலுள்ள ரொட்ரீகஸ் தீவுக்குச் சுமார் 2,000 கடல் மைல். ஏறத்தாழ 17 நாள். அடிப்பாகச் சொரசொரப்பால் வேகம் ஒரே ஒரு கடல் மைல் குறைந்தாலும் 21 நாள் ஆகிவிடும். நான்கு நாளுக்கான குடிநீரும் உணவும் கூடுதலாக வேண்டும். சுக்கானும் சொன்னபடி கேட்காது.

மருந்து செம்புதான், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதேதான். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. உயிர்கள் ஒட்டவில்லை. ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. பிறகு செப்புத் தகடே கரைந்து தேய்வதைத் தடுக்க, 1824-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஒரு வழி கண்டார்: தகட்டோடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்தால் அந்தத் துண்டு கரையும், செம்பு பிழைக்கும். அவர் சொன்னபடியே செம்பு கரைவது நின்றது. கொட்டலசும் பாசியும் மறுபடி வந்து ஒட்டின! செம்பு உயிர்களை விரட்டுவது அது கரைவதால்தான் என்பது அப்போது தெளிவாயிற்று. இன்றைய அடிப்பூச்சுகளிலும் செப்பு ஆக்சைடு இருக்கிறது. படகு ஓட ஓட மேல்படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து புதுச் செம்பை வெளிக்காட்டும்படி அவற்றைச் செய்கிறார்கள். ஓடாமல் நிற்கும் படகில் இந்தப் பூச்சு வேலை செய்வது குறைவு. ஆகவே தூக்கி, சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு மூன்று பூச்சு அடித்த படகு நீரில் இறங்கியதும் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும்.

செம்பைவிடக் கொடிய மருந்தும் ஒன்று இருந்தது: டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயக் கூட்டுப்பொருள். ஒட்டும் உயிர்களைக் கொன்றதோடு நிற்காமல், சுற்றியிருந்த சிப்பிகளையும் நத்தைகளையும் அது சிதைத்தது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே குலைந்து, 1982-இல் சிறு படகுகளுக்கு அங்கே தடை வந்தது. உலகளாவிய தடை ஒப்பந்தம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

அடிப்பாகத்தைச் சுத்தமாக வைப்பது படகுக்காரரின் சொந்த நன்மை மட்டுமன்று. நடு அமெரிக்க, தென்னமெரிக்கக் கரைகளுக்குரிய மைட்டெல்லா என்ற சிப்பி 2016-இல் சிங்கப்பூர்க் கரையில் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளிலேயே ஜொகூர் நீரிணையில் பெருங்கூட்டமாகப் பரவிவிட்டது. இப்படிக் கடல்விட்டுக் கடல் குடியேறும் உயிர்களுக்குக் கலங்களின் அடிப்பாகமும் அவை சமநிலைக்காகச் சுமக்கும் நிறைநீரும்தான் முக்கிய வாகனங்கள். அடிப்பாகம் சுத்தமில்லாத கலத்தை நியூசிலாந்து 2018 முதல் தன் கடலுக்குள் தாராளமாக விடுவதில்லை.

உலோகங்களின் பலவீனம்

டேவி செப்புத் தகட்டைக் காக்கக் கண்ட வழி வேறோர் இடத்தில் படகுகளைக் காக்கிறது. பித்தளை வகையில் செய்த உந்துவிசிறி, எஃகுத் தண்டு, அலுமினியப் பாகங்கள் எல்லாம் உப்புநீரில் ஒன்றாக நனையும்போது அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. எளிதில் எலெக்ட்ரான் இழக்கும் உலோகம் கரைகிறது. அதனால் எல்லாவற்றையும்விட எளிதில் கரையும் துத்தநாகக் கட்டி ஒன்றைத் தண்டில் மாட்டிவிடுகிறார்கள். அது கரையும்வரை மற்றவை பிழைக்கும். பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும். ஆற்றுநீர் கலந்த முகத்துவாரங்களில் துத்தநாகத்தைவிட அலுமினியக் கட்டி நன்றாக உழைக்கிறது. படகுத்துறையில் கரை மின்சாரத்தை இணைத்து வைத்திருக்கும்போது, பக்கத்துப் படகோடு நிலக்கம்பி வழியாகத் தொடர்பு ஏற்பட்டு இந்தக் கரைதல் பல மடங்காகும். துறையில் மாதக்கணக்கில் கட்டிக் கிடந்த படகின் துத்தநாகத்தை முதலில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இதைவிட ஆபத்தானது துருப்பிடிக்காத எஃகு. பாய்மரத்தை நாலா பக்கமும் இழுத்துப் பிடித்து நிற்கும் கம்பிக்கயிறுகள் அதில்தான் செய்யப்படுகின்றன. அந்த எஃகில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. கீறினாலும் படலம் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் கிடைக்கும்வரைதான் இந்த வரம். கம்பியின் நுனியை ஒரு குழலுக்குள் செருகி அழுத்தியிருக்கும் இடத்தில், இடுக்கில் உப்புநீர் தேங்கினால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. படலம் வளராது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே புகுந்து ஊசித்துளைகளாக அரிக்கிறது. வெளியே கம்பி பளபளவென்றே இருக்கும். வெப்பம் கூடக்கூட இந்த அரிப்பின் வேகமும் கூடும். ஐரோப்பியக் கடலில் நெடுங்காலம் உழைத்த கம்பி இங்கே அவ்வளவு காலம் தாங்காது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒருவர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு பாய்மரத்தின் உச்சிவரை ஏறி, ஒவ்வொரு கம்பியையும் பஞ்சால் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வருவார். பொதுவாக இந்தக் கம்பிக்கயிற்றில் 19 இழைகள் இருக்கும். அவற்றில் ஒன்று அறுந்திருந்தாலும் அதன் முனையில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். குழல் வாயில் பழுப்புக் கசிவு தெரிகிறதா, குழலின் நெடுக்கில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் பொடியில் கோடாக ஊறி வரும். ஒரு குழலில் விரிசல் கண்டால் அதே வயதுடைய எல்லாக் கம்பிகளையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். பத்தாண்டு கடந்த கம்பிகளோடு பெருங்கடலுக்குப் போகவேண்டாம் என்பதே அனுபவசாலிகள் பலரின் பேச்சு.

உடலும் பாயும்

மரப்படகுகளின் காலத்தில் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக்கரைத் தச்சர்கள் செங்கால் என்னும் உள்நாட்டு மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கடல்நீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு அதை எளிதில் தொடாது. பலகைகளின் இடைவெளியில் கெலாம் மரப்பட்டையைத் திணித்தார்கள். நீர் பட்டதும் அது ஊதி இடைவெளியை அடைத்துவிடும். நம் தச்சர்கள் கலப்பத்துப் பார்ப்பது என்று சொல்வது இந்த வேலையைத்தான்.

இன்று பெரும்பாலான படகுகள் கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்த்து வார்த்தவை. புழு அரிக்காது, ஆனால் நீர் ஊறும். பிசினுக்குள் மெல்ல மெல்லப் புகும் நீர், முழுதாக இறுகாத வேதிப்பொருள்களைக் கரைத்து அமிலக் கரைசலாக்குகிறது. அந்தக் கரைசல் வெளியிலிருந்து மேலும் நீரை இழுக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி மேற்பூச்சு கொப்புளிக்கிறது. கொப்புளத்தைக் குத்தினால் காடி வாடையோடு நீர் பீய்ச்சும். வெப்பமான நீரில் இது வேகமாக நடக்கும். மேற்பூச்சை நீக்கி, உள்ளீரம் முழுவதும் உலர்ந்தபிறகு எப்பாக்சி பூசுவதுதான் சிகிச்சை. ஜொகூரின் ஈரக்காற்றில் உலரவே மாதங்கள் ஆகும். மழைக்காலத்தில் தொடங்கினால் வேலை முடியாது. கிளம்பும் தேதியை நிர்ணயிக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

பாய்க்கு எதிரி வெயில். பாலியெஸ்டர்த் துணியைப் புறஊதாக் கதிர் தாக்குகிறது. ஆனால் முதலில் போவது துணி அல்ல, அதைத் தைத்த நூல். துணி திடமாக இருக்கும்போதே தையல் நகத்தால் கீறினால் பொடிந்துவிடும். ஒரு பலமான காற்று வந்ததும் பாய் மடிப்பு மடிப்பாகப் பிரிந்துபோகும். ஆகவே நெடும்பயணத்துக்கு முன் பாயைக் கழற்றி, தையல் ஓடும் ஒவ்வொரு கோட்டையும் நகத்தால் கீறிப் பார்த்து, தேவையானால் முழுக்க மறுபடி தைக்கிறார்கள். புறஊதாக் கதிருக்கு அசையாத டெஃப்லான் வகை நூலின் விலை அதிகம். வெப்பமண்டலத்தில் அந்தச் செலவு வீண் போகாது.

மின்னல்

உலகில் இடிமழை அதிகம் பெய்யும் பகுதிகளில் ஒன்று இது. நீரிணைக்கு அக்கரையிலுள்ள சிங்கப்பூரில் சராசரியாக ஆண்டுக்கு 160-க்கும் மேற்பட்ட நாட்கள் இடி இடிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் தட்டையான நீர்ப்பரப்பின்மேல் 15 மீட்டர் அலுமினியக் கம்பத்தை நட்டுக்கொண்டு போகிறது பாய்மரப் படகு.

மின்னலைத் தடுக்க முடியாது. அது கடலுக்கு இறங்க நேர்வழி கொடுக்கலாம். பாய்மரத்தின் அடியிலிருந்து தடித்த செப்புக் கம்பியை வளைவில்லாமல் இறக்கி, படகின் அடியில் நீரில் நனையும் உலோகத் தகட்டோடு இணைக்கிறார்கள். வழி இல்லையென்றால் மின்சாரம் தானே வழி தேடும். ஊறிப்போன கண்ணாடியிழைக்குள் அது பாய்ந்தால் உள்ளேயிருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி அடிப்பாகத்தில் ஓட்டை விழும். உப்புக் கடலில் தகடு நன்றாக வேலை செய்யும். நன்னீர் உப்புநீரைப்போல மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், மழைவெள்ளம் கலந்த ஆற்றுமுகத்தில் அதே தகட்டின் பயன் மிகவும் குறைந்துவிடும்.

கருவிகளுக்கும் ஒரு வழி உண்டு. இடிமேகம் நெருங்கும்போது கையடக்க ஜிபிஎஸ், கைவானொலி, செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவற்றைச் சமையலறை அடுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். நாற்புறமும் உலோகம் சூழ்ந்த பெட்டிக்குள் வெளி மின்புலம் நுழைவதில்லை என்று மைக்கேல் ஃபாரடே காட்டிய உண்மை இங்கே கைகொடுக்கிறது.

குடிநீர், மின்சாரம், டீசல், சாப்பாடு

வெப்பமண்டலத்தில் உழைக்கும் ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், இருவருக்கு 40 நாளுக்கு 320 லிட்டர். இதை ஒரே தொட்டியில் வைக்கக் கூடாது. ஒன்று கெட்டால் மற்றது வேண்டும். உப்பு நீக்கும் கருவி இருந்தாலும் இந்த இருப்பைக் குறைப்பதில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் இயல்பாகச் செலுத்தும் சவ்வூடு அழுத்தமே வளிமண்டல அழுத்தத்தைப்போல 27 மடங்கு. அதை வென்று நன்னீரைப் பிழிய 55, 60 மடங்கு அழுத்தம் தரும் எக்கி வேண்டும். எண்ணெய் மிதக்கும் துறைமுக நீரிலோ குளோரின் கலந்த குழாய் நீரிலோ அதன் சவ்வு கெட்டுவிடும்; நங்கூரம் எடுத்துத் தெளிந்த கடலுக்கு வந்தபின்தான் அதை இயக்க வேண்டும்.

வெயில் கொளுத்துவதால் சூரியத் தகடு கொட்டிக் கொடுக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். தகடு சூடேற ஏற அதன் திறன் குறையும்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 விழுக்காடு. நண்பகலில் 65 டிகிரியில் கொதிக்கும் தகடு ஏழில் ஒரு பங்கை இழந்திருக்கும். அடியில் காற்றோட இடம்விட்டு மாட்டினால் இழப்பு குறையும். ஈய மின்கலமோ 10 டிகிரி வெப்பம் கூடினால் பாதி ஆயுளை இழக்கும். அதை எஞ்சின் அறைக்குள் வைப்பது தவறு.

டீசல் தொட்டியிலும் உயிர் வளர்கிறது. பாதி காலியான தொட்டிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் தளத்தில் ஒரு பூஞ்சை டீசலையே உணவாக்கிப் பெருகுகிறது. துறையில் அசையாமல் இருக்கும்வரை அந்தக் கறுப்புக் கசடு அடியிலேயே கிடக்கும். கடலில் படகு குலுங்கியதும் கிளம்பி வடிகட்டியை அடைக்கும். ஆக, எஞ்சின் நின்றுபோவது அது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான். தொட்டியை நிறைத்து வைப்பதும், அடியிலிருந்து நீரை வடித்துவிடுவதும், வடிகட்டிகளைக் கைவசம் வைப்பதும் இதற்கான காப்பு.

சாமான் ஏற்றுவதிலும் அறிவியல் இருக்கிறது. அட்டைப்பெட்டி எதுவும் படகுக்குள் வரக்கூடாது. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டையிட்டிருக்கும். டப்பா உணவுகளின் காகித உறையைக் கிழித்துவிட்டு மேலே அழியாத மையால் எழுதுகிறார்கள். ஊறிக் கழன்ற காகிதம் நீரிறைக்கும் எக்கியை அடைக்கும் என்பது காரணம். குளிர்பெட்டிக்குள் ஒருமுறைகூடப் போகாத முட்டையாகப் பார்த்து வாங்கி, ஓட்டின் மேல் வாசலைன் தடவி நுண்துளைகளை மூடி, அடிக்கடி புரட்டி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.

எப்போது கிளம்புவது?

ஜொகூரிலிருந்து மேற்கே போக இரண்டு வழிகள். ஒன்று, வாடைக்காற்று நிலைபெற்ற ஜனவரி முதல் மார்ச்சுக்குள் மலாக்கா நீரிணை வழியாக ஏறி இலங்கைக்குப் போவது. மற்றொன்று, ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையே தென்கிழக்குக் காற்றைப் பிடித்துத் தென்னிந்தியப் பெருங்கடலைக் கடப்பது. அங்கே நவம்பரில் சூறாவளிக் காலம் தொடங்கிவிடும். பருவக்காற்றில் ஏறி வருவதும் பருவம் மாறியதும் திரும்புவதும் நம் முன்னோர் அறிந்த கணக்குத்தான். கடாரத்துக்கு வந்த தமிழ் வணிகர்களின் கலங்களும் இந்தக் காற்றுகளை நம்பித்தான் ஓடின.

மார்ச்சைத் தாண்டி மலாக்கா நீரிணையில் ஏறினால் எதிர்ப்படுவது சுமத்திராக் காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்திரா மேலும் நீரிணை மேலும் திரளும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்னோ காலையிலோ ஜொகூர்க் கரையைத் தொடும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்றும் கண்ணை மறைக்கும் மழையும் சேர்ந்து வரும். பக்கத்திலேயே உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. இருட்டில் விளக்கில்லாத மீன்பிடிப் படகுகளும் வலைகளும் வேறு. அதனால் பாய் சுருக்கும் பயிற்சியைத் துறையிலேயே, கண்ணை மூடிக்கொண்டும் செய்யும் அளவுக்குப் பழகிவிட வேண்டும்.

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூறாவளி வராது என்ற நம்பிக்கையும் ஒருமுறை பொய்த்தது. புவியின் சுழற்சிதான் காற்றை வளைத்துச் சூறாவளியாக்குகிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த வளைவு விசை இல்லாமல் போகிறது. ஜொகூரில் அது சென்னையில் உள்ளதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் 2001 டிசம்பர் இறுதியில், தென்சீனக் கடலின் குறுகிய தென்பகுதிக்குள் நாட்கணக்கில் பாய்ந்த வடகிழக்குக் குளிர்காற்றும், போர்னியோ அருகே தங்கியிருந்த சுழலும் சேர்ந்து வாமெய் என்ற சூறாவளியை 1.4 டிகிரி வட அட்சத்தில் உருவாக்கின. டிசம்பர் 27-ஆம் தேதி அது ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் உயிர்கள் போயின. அதுவரை நிலநடுக்கோட்டுக்கு இதைவிட அருகில் ஒரு சூறாவளி உருவானதாகப் பதிவில்லை. இத்தகைய நிகழ்வு 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நேரலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அரிது என்பதால் வராது என்று ஆகிவிடாது.

தயாரிப்பு காத்தவர்கள்

மலேசியரான அஸார் மன்சோர் 1999 பிப்ரவரி 2-ஆம் தேதி லங்காவியிலிருந்து ‘ஜாலூர் கெமிலாங்’ படகில் தனியாகக் கிளம்பி உலகைச் சுற்றினார். நடுவில் பாய்மரம் முறிந்தும், சரிசெய்துகொண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி திரும்பினார். உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018 செப்டம்பர் 21-ஆம் தேதி தென்னிந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்தார். அபாய அறிவிப்புக் கருவியும் செயற்கைக்கோள் வழிக் குறுஞ்செய்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அவர் இருந்த இடம் கரைக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. அதே போட்டியில் மறுபடி கலந்துகொண்டு 2023-இல் இரண்டாம் இடம் பெற்றார்.

புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவோடு ‘தாரிணி’ படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29-ஆம் தேதி திரும்பினார். 25,000 கடல் மைலுக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்துக்கு மூன்றாண்டுப் பயிற்சி இருந்தது. பயிற்சிக் காலத்தில் இருவரும் கடலில் ஓட்டிய தூரம் 38,000 கடல் மைல் என்று கடற்படை தெரிவித்தது. உலகைச் சுற்றியதைவிட அதற்குத் தயாரானதே நீண்ட பயணம்!

முன்னொரு தலைமுறையில் இலங்கையின் வல்வெட்டித்துறைத் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். அவ்வூர் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938-இல் மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கப்பல் கட்டுவதிலும் அதைக் காப்பதிலும் தமிழருக்கு இருந்த தேர்ச்சிக்கு அது சாட்சி. அந்தத் தேர்ச்சி இன்றும் வேலையாக இருக்கிறது: கம்பி சோதிப்பவர், பாய் தைப்பவர், எப்பாக்சி பூசுபவர், கடல் மின்னியல் தெரிந்தவர் ஆகியோருக்கு ஜொகூரின் துறைகளில் தேவை உண்டு. கைத்தொழில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பக்கமும் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஜொகூரிலிருந்து மலாக்கா நீரிணைக்குள் நுழையும் ஒவ்வொரு படகும் சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், குக்குப் தீவு ஆகியவற்றை ஒட்டியே போகிறது. மூன்றும் 2003 முதல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலங்கள். நீரிணையில் வளரும் சிப்பியை நாம் சாப்பிடுகிறோம். படகின் அடியில் சுரண்டிய உயிர்க்கழிவையும் செம்பு கலந்த பழைய பூச்சையும் நீரில் தள்ளாமல், கரையில் விரிப்பு போட்டுச் சேகரித்து முறைப்படி அகற்றுவதை ஒவ்வொரு படகுக்காரரும் தம் தயாரிப்புப் பட்டியலில் எழுதிக்கொள்ள வேண்டும். படகுத்துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.